கழிவுநீரிடம் பாடம் கேட்டவர்கள்

எங்கள் வட்டத்தில் இருக்கிற தோழி ஒருத்திக்கு இன்டஸ்ட்ரியல் ட்ரெய்னிங் கடிதம் வந்தது. சிவில் படிக்கிறவள். கூடப் படிக்கிறவர்களுக்கு ரோட்டு வேலை, பாலம், மாடிக் கட்டடம் என்று இடங்கள் கிடைத்திருக்க, இவளுக்குக் கிடைத்தது தெற்கில் உள்ள ஒரு நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். வாட்ஸ்அப் குறூப்பில் மூக்கைப் பொத்தின ஸ்டிக்கர்கள் வந்து குவிந்தன. வீட்டில் அதைவிட மோசம். "உதுக்கோ பிள்ளை இவ்வளவு படிச்சனீ?" என்று அம்மம்மா கேட்டாவாம். மாமா ஒருவர் ஆரையோ பிடித்து இடத்தை மாத்தித் தாறன் என்றாராம்.

முதலில் நாங்களும் சிரித்தோம். பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. ஏனென்றால் அம்மம்மாவின் கேள்விக்குள் இருந்தது நாற்றம் மட்டும் இல்லை. எங்கட ஊர்களில் வாளிக் கக்கூசு இருந்த காலத்தில், விடியப்புறம் பின் ஒழுங்கையால் வந்து வாளி எடுத்துக்கொண்டு போன மனிதரின் பெயர் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்காது. அவருக்குச் சாதிப் பெயர் ஒன்றுதான் இருந்தது. நகரங்களைத் துப்புரவாக்கவென்று வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அதே வேலையில், அதே லயன் குடியிருப்புகளில் இருப்பதை நாங்கள் கண்டுதான் இருக்கிறோம். கழிவு என்றால் 'அவையின்ர வேலை'. பொறியியல் என்றால் 'எங்கட பிள்ளையின்ர படிப்பு'. இந்த இரண்டும் ஒரே வளவுக்குள் சந்திக்கக்கூடாது என்பதுதான் அம்மம்மாவின் பயம்.

சரி, இந்த வேலையைப் படிப்பாக எடுத்த பெடியள், பெட்டையள் முதன்முதலில் எங்கே போய்ப் பழகினார்கள் என்று தேடத் தொடங்கினோம். தேடல் எங்களை அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்துக்குக் கொண்டுபோனது. மானிப்பாயில் இருந்து தமிழில் மருத்துவம் படிப்பித்த டாக்டர் கிறீன் பிறந்ததும் இறந்ததும் அதே மாநிலத்தில்தான். அது வேறு கதை, இன்னொரு நாளைக்கு எழுதுவோம்.

அந்த மாநிலத்தில் மெரிமாக் என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் கரையில் லோவல், லொறன்ஸ் என்று இரண்டு நெசவாலை நகரங்கள். லோவல் மேலே, லொறன்ஸ் கீழே. லோவலின் கழிவெல்லாம் ஆற்றுக்குள். லொறன்ஸின் குடிதண்ணீர் அதே ஆற்றிலிருந்து. மேலே ஒருவர் கழுவ, கீழே ஒருவர் குடிக்கிற ஏற்பாடு. 1890இலும் 1891இலும் அந்த ஆற்றங்கரை நகரங்களில் நெருப்புக் காய்ச்சல், அதுதான் ரைபொயிட், பரவியது. எம்.ஐ.ரி.யில் உயிரியல் படிப்பித்த வில்லியம் செட்ஜ்விக் அது வந்த வழியை ஆறு நெடுகத் தேடிக்கொண்டு போனார். வழி ஆற்றுத் தண்ணீர்தான்.

ஆனால் அந்தக் காய்ச்சலுக்கு முன்பே, 1887இல், மாநில சுகாதார சபை லொறன்ஸில் ஒரு ஆய்வு நிலையத்தைத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் குடிநீரையும் கழிவுநீரையும் சுத்திகரிப்பதை ஆராயவென்றே தொடங்கப்பட்ட முதல் நிலையம் அது. ஹிரம் மில்ஸ் என்ற நீர்ப்பொறியியலாளர் அதற்குப் பொறுப்பு. வேலை என்னவென்றால், பெரிய மரத்தொட்டிகளில் வெவ்வேறு வகை மணலை நிரப்பி, நகரத்தின் கழிவுநீரை மேலே ஊற்றி, கீழே வடிகிறதை அளப்பது. ஊற்றிவிட்டு விடவேணும். மணல் வடிந்து, இடைவெளிக்குள் காற்றுப் போகவேணும். பிறகுதான் அடுத்த முறை. விடாமல் ஊற்றினால் மணல் அடைபட்டு நாறும். விட்டு விட்டு ஊற்றினால் தெளிந்த தண்ணீர் வரும். இங்கிலாந்தில் எட்வர்ட் பிராங்லாண்ட் 1870ஐ அண்டிய காலத்தில் காட்டிய விசயம்தான் இது. லொறன்ஸ் செய்தது, வருடக்கணக்காக அதை நாளாந்தம் அளந்து எழுதியது. மணல் வெறும் வடிதட்டு இல்லை, மணிகளைச் சுற்றி வாழ்கிற பக்ரீரியாக்கள்தான் வேலை செய்கின்றன, அவைக்கு மூச்சுவிட நேரம் குடுக்கவேணும் என்பது அந்த அளவுகளிலிருந்து உறுதியானது.

அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று அளந்தவரின் வயதைப் பார்த்தபோதுதான் நாங்கள் நிமிர்ந்து இருந்தோம். 1888இல் அந்த நிலையத்தின் பொறுப்பை ஏற்ற அலன் ஹேசன் 1869இல் பிறந்தவர். பத்தொன்பது வயது. எங்கட கணக்கில் ஏ.எல். எடுத்துவிட்டு றிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிற பெடியன். பதினாறு வயதிலேயே நியூ ஹாம்ஷயரில் ஒரு விவசாயக் கல்லூரியில் பட்டம் எடுத்துவிட்டு, எம்.ஐ.ரி.யில் ஒரு வருடம் இரசாயனம் படித்திருந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அவருடைய பள்ளிக்கூடம் லொறன்ஸின் சாக்கடைதான்.

சிவில் படிக்கிறவர்களுக்கு ஹேசனை நல்லாத் தெரியும், தெரியுமென்று தெரியாமலே. மண் பாடத்தில் டி10 என்று ஒன்று வரும்: மாதிரியின் நிறையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எந்த அளவைவிடச் சிறியதோ அந்த அளவு. அதை டி60உடன் ஒப்பிட்டு 'யூனிபோமிட்டி கோஎபிஷியன்ற்' கணக்குப் பார்ப்போம். 1892ஆம் ஆண்டுக்கான சுகாதார சபையின் ஆண்டறிக்கைக்காக ஹேசன் உருவாக்கின அளவுகள் இவை. தன் தொட்டிகளில் எந்த மணல் எவ்வளவு வேகமாகக் கழிவுநீரை வடிக்கும் என்று சொல்லவேண்டி வந்ததால் பிறந்தவை. தண்ணீரின் நிறத்தை அளக்கிற ஹேசன் அலகும் அதே காலம். பிறகு குழாய்க் கணக்குக்கு வருகிற ஹேசன் வில்லியம்ஸ் சூத்திரத்திலும் பாதிப் பெயர் இவருடையது. இப்படிப் பரீட்சைக்குப் பாடமாக்குகிற ஒரு எண் மலக்கழிவு வடிந்த மணலிலிருந்து வந்தது என்று எங்களுக்கு ஒரு விரிவுரையிலும் ஆரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஸ்டிக்கர் போட்டவர்கள் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

ஹேசனுக்குப் பின் அதே கதிரைக்கு வந்தவர் ஜோர்ஜ் புல்லர். 1890இல் எம்.ஐ.ரி.யில் பட்டம் எடுத்தவர். பிறகு 1908இல் ஜேர்சி நகரத்தின் குடிநீருக்குக் குளோரின் போடுகிற அமைப்பை வடிவமைத்தவரும் இவர்தான். லொறன்ஸ் நகரத்துக்கு 1893இல் மில்ஸ் கட்டிய மணல் வடிகட்டி திறந்தபின் ரைபொயிட் சாவு பெருமளவு குறைந்தது. ஆக, கழிவைப் பழகின கைகள்தான் குடிதண்ணீரையும் காப்பாற்றின.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. எலன் சுவாலோ றிச்சர்ட்ஸ். எம்.ஐ.ரி.யில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண். 1873இல் அங்கே பட்டம் எடுத்தார். அதற்கு மேல் கலாநிதிப் பட்டத்துக்கு அங்கே அவருக்கு வழி இருக்கவில்லை. 1884இலிருந்து அங்கே சுகாதார இரசாயனத்துக்கென்று இருந்த ஆய்வுகூடத்தில் வேலை. 1887இல் மாநில சுகாதார சபைக்காக மசச்சூசெட்ஸின் நீர்நிலைகளிலிருந்து வந்த ஆயிரமாயிரம் போத்தல்களைப் பரிசோதித்தது அந்த ஆய்வுகூடம். அதிலிருந்து வந்ததுதான் 'சாதாரண குளோரின் வரைபடம்'. கடலுக்குக் கிட்ட இருக்கிற தண்ணீரில் இயற்கையாகவே குளோரைட் கூட இருக்கும், உள்ளே போகப் போகக் குறையும். அந்த இயற்கை அளவை மாநிலம் முழுக்க வரைந்துவிட்டால், எங்கேயாவது அதைவிடக் கூட இருந்தால் அங்கே மனிதக் கழிவு கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஏனென்றால் நாங்கள் தின்கிற உப்பு எங்களிலிருந்து வெளியேதான் போகிறது. எவ்வளவு லேசான யோசனை, ஆனால் எவ்வளவு போத்தல்! பகுப்பாய்வு படித்த பெடியளை லொறன்ஸ் போன்ற இடங்களுக்குத் தயார் செய்ததும் அந்த ஆய்வுகூடம்தான். ஹேசனின் பெயரில் அலகு இருக்கிறது, சூத்திரம் இருக்கிறது. எலனின் பெயரில் எங்கட பாடப் புத்தகத்தில் எதுவும் இல்லை.

படிக்கிற காலத்திலேயே வேலைத்தளத்துக்குப் போய்ப் பழகுகிற முறை பொறியியலில் ஒழுங்கான பாடத்திட்டமாக வந்தது இதற்குப் பிறகுதான். 1906இல் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷினைடர் 27 மாணவர்களுடன் தொடங்கின திட்டத்தைத்தான் வழக்கமாக முதலாவது என்று சொல்கிறார்கள். வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி. எங்கட ட்ரெய்னிங் டயறிக்கெல்லாம் அதுதான் பூட்டன்.

இப்போது இங்கிலாந்துக்கு வருவோம். மான்செஸ்டர் நகரசபையின் டேவிஹூம் கழிவுநீர் நிலையம் 1894இல் கப்பல் கால்வாய்க் கரையில் தொடங்கப்பட்டது. நகரம் பெருக்கப் பெருக்க, மணலிலும் கல்லிலும் வடிக்கிற முறைக்கு நிலம் போதவில்லை. அங்கே ஆலோசகராக இருந்த இரசாயனவியலாளர் கில்பர்ட் பவுலர் 1912இல் அமெரிக்கா போனபோது லொறன்ஸ் நிலையத்துக்கும் போனார். அங்கே கிளார்க்கும் கேஜும் கழிவுநீருக்குள் காற்றை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்குள் வளர்ந்திருந்த பாசியோடு சேர்த்துக் காற்றடித்தால் நீர் தெளிகிறது என்று கண்டிருந்தார்கள். பவுலர் திரும்பி வந்து டேவிஹூமில் வேலை செய்த எட்வர்ட் ஆர்டேன், வில்லியம் லொக்கெற் என்ற இருவரிடம், இதை நாங்களும் செய்து பார்ப்போம் என்றார்.

அவர்கள் எடுத்தது ஒரு போத்தல். உள்ளே கழிவுநீர். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்று போத்தலைச் சுற்றி மண்ணிறக் கடதாசி. காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். கழிவுநீரில் இருந்த அமோனியா முழுக்க நைத்திரேற்றாக மாற ஏறக்குறைய ஐந்து கிழமை எடுத்தது. ஐந்து கிழமை! ஒரு நகரத்தின் கழிவை ஐந்து கிழமை வைத்திருக்க எங்கே தொட்டி கட்டுவது?

இந்த இடத்தில் வழமையாகச் செய்கிறது என்னவென்றால், போத்தலைக் கழுவிவிட்டு அடுத்த பரிசோதனையைத் தொடங்குவது. எங்கட லாப்பில் கழுவாமல் விட்டால் ஏச்சு விழும். ஆர்டேனும் லொக்கெற்றும் கழுவவில்லை. மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த மண்ணிறச் சேற்றை அப்படியே விட்டு, அதன் மேலே புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். இந்த முறை நேரம் குறைந்தது. திரும்பவும் வடித்து, திரும்பவும் ஊற்றி, ஒவ்வொரு முறையும் சேறு கொஞ்சம் கூட, நேரம் இன்னும் குறைய, கடைசியில் ஐந்து கிழமை எடுத்த வேலை 24 மணித்தியாலத்துக்குள் முடிந்தது. அழுக்கு என்று எறிந்துகொண்டிருந்த அந்தச் சேறுதான் வேலைகாரன். கழிவைத் தின்கிற உயிர்களின் கூட்டம் அது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அக்டிவேற்றட் ஸ்லட்ஜ்', தமிழில் கிளர்வுற்ற சேறு. 1914 ஏப்ரல் 3ஆம் திகதி மான்செஸ்டரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இரசாயனக் கைத்தொழில் சங்கத்தின் முன் கட்டுரையை வாசித்தார்கள். இன்றைக்கு உலகத்தின் பெரிய நகரங்களில் பெரும்பாலான கழிவுநீர் நிலையங்கள் அந்தக் கழுவாத போத்தலின் பெரிய வடிவங்கள்தான்.

இதற்கு ஒரு நகரசபைதான் களம் என்பதை மறக்கவேண்டாம். தனியார் கம்பனியின் மூடிய அறை இல்லை. கட்டுரை பகிரங்கமாக வாசிக்கப்பட்டது. அந்த ஆவணி மாதம், ஐரோப்பாவில் போர் தொடங்கிக்கொண்டிருக்கிறபோது, இலினோய் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் பார்ட்டோ மான்செஸ்டருக்கு வந்து போத்தல்களைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பித் தன் மாணவன் ஒருவனோடு அதே வேலையைத் தொடங்கினார். அந்த மாணவன் புளொயிட் மோல்மன். 1916இல் அவன் எடுத்த கலாநிதிப் பட்டம் கிளர்வுற்ற சேற்றைப் பற்றியது. பிறகு சிக்காகோவின் கழிவுநீர் அதிகாரசபையின் ஆய்வுகூடங்களுக்குத் தலைவனானான்.

மோல்மனையும் உங்களுக்குத் தெரியும். ஒரு லீற்றர் சிலிண்டருக்குள் சேற்றுக் கலவையை ஊற்றி 30 நிமிடம் அசையாமல் விட்டு, எவ்வளவு படிந்தது என்று பார்க்கிற பரிசோதனை இருக்கிறதே, அதிலிருந்து கணக்கிடுகிற 'ஸ்லட்ஜ் வொலியூம் இன்டெக்ஸ்' 1934இல் மோல்மன் முன்வைத்தது. ஒரு கிராம் சேறு படிந்தபின் எத்தனை மில்லிலீற்றர் இடம் பிடிக்கிறது என்பதுதான் அது. 100க்குக் கிட்ட என்றால் சுகம். 150ஐத் தாண்டினால் சேறு பொங்கப் போகிறது, தெளிந்த தண்ணீரோடு அதுவும் ஆற்றுக்குப் போகப் போகிறது. கழிவுநீர் நிலையத்துக்கு ட்ரெய்னிங் போகிற பிள்ளையின் கையில் முதல் கிழமையே குடுக்கிற வேலை பெரும்பாலும் இந்தச் சிலிண்டராகத்தான் இருக்கும். ஒரு மாணவன் தொடங்கின வேலை இன்னும் மாணவர்கள் கையிலேயே இருக்கிறது.

பகிரங்கமாக வாசிக்கப்பட்டாலும் காசு தேடுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜோன்ஸ் அன்ட் அட்வூட் என்ற ஆங்கிலக் கம்பனி இந்த முறைக்கான காப்புரிமைகளை எடுத்தது. அந்த உரிமைகளை வைத்து அமெரிக்க நகரங்கள் மீது வழக்குகள் போடப்பட்டன. 1925இல் தன் பெரிய நிலையத்தைத் தொடங்கியிருந்த மில்வாக்கி நகரம் அதில் தோற்றது. கீழ் நீதிமன்றம் அந்த முறையைப் பாவிக்கவே தடைபோட்டது. 1934இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், நகரம் நட்டஈடு கட்டவேணும் என்பதை ஏற்றது, ஆனால் தடையை நீக்கியது. நிலையத்தை மூடினால் முழு நகரத்தின் கழிவும் மிச்சிக்கன் ஏரிக்குள் போகும், அதற்கு இடம் குடுக்க முடியாது என்பது காரணம். சட்டம் படிக்கிற நண்பர்கள் இந்தத் தீர்ப்பை ஒருக்கா வாசிக்கவேணும். காப்புரிமைக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் இடையில் வருகிற இழுபறி எச்.ஐ.வி. மருந்துகளோடு தொடங்கினதென்று நாங்கள் நினைத்திருந்தோம்.

மில்வாக்கியைப் பற்றி இன்னொன்று. மிஞ்சுகிற சேற்றை என்ன செய்வது என்று தெரியாமல் அந்த நகரத்தின் கழிவுநீர் ஆணையம் விஸ்கொன்சின் பல்கலைக்கழக விவசாயக் கல்லூரியில் ஒரு ஆய்வு உதவித்தொகையை ஏற்படுத்தியது. அதில் வேலை செய்த ஓ. ஜே. நோர், சேற்றைக் காயவைத்துப் புல்லுக்குப் போட்டால் நல்ல பசளை என்று காட்டினார். 1926இலிருந்து 'மில்ஓர்கனைற்' என்ற பெயரில் கோல்ப் மைதானங்களுக்கு விற்கத் தொடங்கி இன்றுவரை விற்கிறார்கள். பணக்காரர் விளையாடுகிற பச்சைப் புல்லுக்கு அடியில் நகரத்தின் கக்கூசு. எங்களுக்கு இந்தக் காட்சி மிகவும் பிடித்திருக்கிறது.

பவுலர் என்ன ஆனார்? அவர் 1916இல் பெங்களூருக்கு வந்தார், இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு. இந்திய மண்ணுக்குத் தேவையான நைதரசன் கழிவோடு வீணாகப் போகிறதே என்பது அவருடைய நீண்டகாலக் கவலை. 1934இல் நைதரசனைக் காப்பது பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் தொடக்கிவைத்த வேலை அந்தக் கழகத்தில் நின்றுபோகவில்லை. எஸ். சி. பிள்ளையும் வி. சுப்ரமணியனும் 1942இல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். சேற்றுக்குள் வேலை செய்வது பக்ரீரியா மட்டும் இல்லை, அதைவிடப் பெரிய ஒருகல உயிர்களான புரொட்டோசோவாக்களுக்கும் தண்ணீரைத் தெளியவைப்பதில் முக்கிய பங்கு இருக்கிறது என்பது அவர்களின் வாதம். இன்றைக்கு நிலையங்களில் நுணுக்குக்காட்டியால் பார்க்கிறபோது காம்போடு மணி வடிவில் ஆடிக்கொண்டு நிற்கிற உயிர்களைக் கண்டால் சேறு சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பற்றி விளக்கினவர்களில் எங்கட பக்கத்துப் பெயர்களும் உண்டு என்பது பாடப் புத்தகங்களில் வடிவாகத் தெரிவதில்லை.

இவ்வளவையும் வாசித்த பிறகு யாழ்ப்பாணத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குடாநாட்டுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத்தண்ணீர்தான் எங்கட கிணறு. மேலே மண் மெல்லிசு, கீழே கல்லில் வெடிப்புகளும் குகைகளும். நகரத்துக்கு மத்திய கழிவுநீர்க் குழாய்த்தொகுதி இல்லை. வீட்டுக்கு வீடு மலக்குழி, அதே வளவுக்குள் கிணறு. லொறன்ஸ்காரர் தங்கள் தொட்டியின் அடியில் நைத்திரேற் வந்தால் சந்தோசப்பட்டார்கள். கழிவு முழுக்க உக்கி முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். எங்களுக்கு அதே நைத்திரேற்தான் தலையிடி. குழியிலிருந்து இறங்குகிற அமோனியா மண்ணுக்குள் நைத்திரேற்றாக மாறி, நிறமும் இல்லாமல் மணமும் இல்லாமல் கிணற்றுக்குப் போகிறது. தோட்டத்துக்குப் போடுகிற பசளையும் அதோடு சேருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதைப் பல வருடங்களாக ஆய்வுகள் சொல்லி வருகின்றன. அளவு கூடினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவுகிற சக்தியை இழக்கும். தெளிந்த தண்ணீர் என்று நாங்கள் நம்பிக் குடிக்கிற தண்ணீரின் கதை இது. எலன் றிச்சர்ட்ஸ் செய்தது போல ஊர் ஊராகப் போத்தல் சேர்த்து வரைபடம் போடுகிற வேலைக்கு எங்களிடம் கம்பஸ் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு ட்ரெய்னிங் கடிதம் குடுக்கிற இடங்கள்தான் குறைவு.

இன்னொரு விசயமும் எங்களை விடவில்லை. நாங்கள் வாசித்த வரலாறுகளில் ஹேசன் இருக்கிறார், ஆர்டேன் இருக்கிறார், லொக்கெற் இருக்கிறார். லொறன்ஸில் சாக்கடையிலிருந்து தொட்டிக்குக் கழிவை ஏற்றினவர்கள், அடைபட்ட மணலைச் சுரண்டினவர்கள், டேவிஹூமில் சேறு அள்ளினவர்கள், இவர்களில் ஒருவரின் பெயரையும் நாங்கள் காணவில்லை. அங்கே சாதி இல்லை, ஆனால் ஆர் எழுதப்படுவார், ஆர் எழுதப்படமாட்டார் என்ற கோடு அங்கேயும் இருந்திருக்கிறது. எங்கட நாட்டில் அந்தக் கோடு இன்னும் ஆழம். ட்ரெய்னிங் போகிற பிள்ளை ஆறு மாதம் நாற்றத்தைத் தாங்கினால் சான்றிதழ். மலக்குழிக்குள் இறங்குகிற தொழிலாளி முப்பது வருடம் தாங்கினால் ஒன்றும் இல்லை, சிலவேளை உயிரும் இல்லை. குழிக்குள் நிற்கிற வாயு கண்ணுக்குத் தெரியாது. ஐதரசன் சல்பைட் கூடினால் முதலில் சாகிறது மூக்கின் உணர்வு, நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரத்தில்தான் ஆபத்து உச்சம். இது தெரிந்த பொறியியலாளர் மேலே நிற்க, தெரியாதவர் உள்ளே இறங்குகிறார். இந்தியாவில் மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013இல் புதிதாகச் சட்டம் கொண்டுவந்த பிறகும் குழிச் சாவுகள் நிற்கவில்லை. எங்கட பக்கத்தில் இதைப் பற்றிக் கதைக்கிறதே குறைவு.

தோழி போனாள். மாமாவின் உதவி தேவையில்லை என்று சொல்லிவிட்டுத்தான். முதல் கிழமை சாப்பிட முடியவில்லை என்றாள், இரண்டாம் கிழமை ஒன்றும் தெரியவில்லை என்றாள். அங்கே ஒரு வயதான ஒப்பரேற்றர், தொட்டியின் நுரையின் நிறத்தைப் பார்த்தே, "இண்டைக்குச் சரி வராது, காற்றைக் கூட்டுங்கோ பிள்ளை" என்று சொல்வாராம். மலையகத்திலிருந்து வந்தவர், ஓ.எல். வரைக்கும் போகாதவர். சிலிண்டரில் அரை மணித்தியாலம் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் வருமாம். மூன்று முறை அப்படி நடந்தபின் இவள் டயறியில் அவர் சொன்னதை ஒரு பத்தியிலும் தான் அளந்ததை அடுத்த பத்தியிலும் எழுதத் தொடங்கியிருக்கிறாள். மேலே அவருடைய பெயரும்.

மேற்பார்வை செய்த அதிகாரி ஒருவர் மாத முடிவில் அதைப் பார்த்துவிட்டு, டயறியில் தொழிலாளர் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை, தொழில்நுட்பத் தகவல் மட்டும் போதும், திருத்திக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். அவள் இரவிரவாக இருந்து எங்களுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டாள். என்ன செய்யலாம் என்று நாங்களும் ஆளுக்கொன்று சொன்னோம். ஒருத்தர் சான்றிதழ் முக்கியம், அடி என்றார். இன்னொருத்தர் அடிக்குறிப்பில் போடு என்றார்.

அடுத்த நாள் அவள் டயறியைத் திரும்பக் குடுத்தாள். பெயர் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி கூட்டியிருந்தாள்: "அவதானிப்பு முறை: நுரையின் நிறம், மணம். அவதானித்தவர் மேலே. சிலிண்டர் அளவோடு ஒத்துப்போன நாட்கள் 22இல் 19." அதிகாரி அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, ஒத்துப்போகாத மூன்று நாளும் என்ன நடந்தது என்று கேட்டாராம். மழை பெய்திருக்கிறது என்று ஒப்பரேற்றர் பின்னாலிருந்து சொன்னாராம்.